ஹெலன் செய்த போர்டு

ஹெலன் எனக்குப் பக்கத்து மேசை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் போர்டுகளைப் பழுதுபார்க்கும் பட்டறை எங்களுடையது. அவளைச் சிரிக்கவைக்க நானும் நாயாய்ப் பாடுபட்டிருக்கிறேன், நடந்ததில்லை. பட்டறையில் எந்த மோட்டார் ஓடத் தொடங்கினாலும், யார் கை எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பாள்.

அவள் புருஷன் ஜெரால்ட் ஓர் உருக்காலையில் ஃபிட்டர். கன்வேயரை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கையை உள்ளே விட்டிருந்தான். அது திடீரென்று ஓடி அவனை இழுத்துக்கொண்டது. சுவிட்ச் பக்கத்தில் நின்றவன் அவன் தம்பி லோகு. இவன்தான் அழுத்திவிட்டான் என்று ஆலையில் எல்லோரும் சொன்னார்கள். பிணவறை வாசலில் லோகு இரண்டு கையையும் தூக்கிக்காட்டி, "நான் தொடல அண்ணி" என்றான். ஹெலன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

லோகு ஆலையை விட்டுக் கவரைப்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்குப் போனான். அங்கேயும் மெஷினை நிறுத்தியதும் இரண்டு கையையும் மேலே தூக்குவானாம். போலீஸ் பிடித்த மாதிரி நிற்கிறான் என்று கூட இருப்பவர்கள் கேலி செய்வார்களாம். அண்ணி வீட்டு வாசலை மட்டும் மிதிக்கவில்லை.

போன மாதம் அவனே எங்கள் பட்டறைக்கு வந்தான். நண்பர்களோடு சேர்ந்து சண்டை ரோபோ செய்கிறானாம். கூண்டுக்குள் இரண்டு ரோபோவை மோதவிடுகிற போட்டி. மெஷினால் பட்டது போதாதா இவனுக்கு என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

"வாங்குன போர்டெல்லாம் எரிஞ்சிகினே கீது அண்ணி. முட்டிக்கினு நின்னா கரண்ட் எகிறுது. வேற யாராண்ட கேக்கறதுன்னு தெரியல."

"மோட்டார வெச்சிட்டுப் போ" என்றாள் ஹெலன், நிமிராமல்.

சாப்பாட்டு நேரங்களில் அவனுக்காகப் புது போர்டு செய்தாள். மோட்டாருக்குக் கரண்டைக் குழாய் மாதிரித் திறந்து மூடுவது மாஸ்பெட் என்கிற கறுப்பு வில்லை. ஒன்று தாங்காதென்று பலவற்றை வரிசையாக வைத்து, கரண்ட் ஓடும் தடத்தின் மேல் தடித்த செம்புக் கம்பியை ஈயத்தால் பதித்தாள்.

"இது செத்தா தொறந்துக்கினே சாவும்க்கா. ஆஃப் பண்ணாலும் மோட்டார் ஓடும்" என்றாள் என்னிடம், ஒரு வில்லையைத் தொட்டுக்காட்டி.

"அப்ப ஜெரால்டு மெஷின்லயும்..." என்று இழுத்தேன்.

"அந்த போர்ட எனக்கு யாரும் காட்டலியே" என்று பேச்சை முடித்துவிட்டாள்.

சனிக்கிழமை மதியம் சோதனை. ரோபோவின் பிளேடு இல்லாமல் மோட்டாரை மட்டும் மேசையில் இறுக்கினோம். ரிமோட் லோகுவிடம். சுழலும் சக்கரத்தில் ஹெலன் கட்டையை அழுத்தித் திணறவைத்தாள். பிறகு நிறுத்தச் சொன்னாள். மோட்டார் நின்றது. லோகு ரிமோட்டை மேசையில் வைத்துவிட்டு, பழக்கப்படி கைகளைத் தூக்கினான். சக்கரத்தில் சிக்கிய சிராயை எடுக்க ஹெலன் விரலை நீட்டினாள்.

போர்டில் சட்டென்று ஒரு வில்லை வெடிக்கும் சத்தம். மோட்டார் முழு வேகத்தில் ஓடி, அவள் விரல் தோலை உரித்தது. நான் பாய்ந்து பேட்டரி பிளக்கைப் பிடுங்கினேன்.

மேசையில் ரத்தம். ரிமோட் வைத்த இடத்திலேயே கிடந்தது. லோகுவின் கைகள் தலைக்கு மேலேயே இருந்தன.

"நான் தொடல அண்ணி."

ஹெலன் விரலைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தாள்.

"தெரியும். அன்னிக்கே தெரியும் லோகு. எனக்கு அன்னிக்கு யாரையாச்சும் கைகாட்டணும், அவ்ளோதான். கைய இறக்கு" என்றாள்.

அவன் இறக்கவில்லை. அவள் மறுபடியும் சொன்னாள்.