லேபிளில் இருந்த வேறு பெயர்

ஸ்டெல்லாக்கா தன் பெட்டியைத் திறந்ததும் அந்துருண்டை வாசம்தான் முதலில் வந்தது. குன்னூரை அடுத்த வெலிங்டனில் ஒரு மழை நாள், பகலிலேயே விளக்கு போட்டிருந்தார்கள். பழைய கம்பளிச் சால்வைக்குள் ஓர் இசைத்தட்டு. ஓரத்தில் விரல் நீளத்துக்கு விரிசல்...

நான் அப்போது எம்.ஃபில். மாணவி. நீலகிரியில் வாழ்ந்த வெள்ளைக்காரப் பெண்களைப் பற்றி ஆய்வு. ஸ்டெல்லாக்கா இளம் வயதில் குன்னூரில் ஒரு துரைசானி வீட்டில் வேலை பார்த்தவர். அந்த அம்மாள் எஸ்டேட் துரையைக் கட்டிக்கொண்டு இங்கே வருவதற்கு முன் லண்டன் நாடக மேடையில் பாடி நடித்தவர் என்று ஸ்டெல்லாக்கா ஊரெல்லாம் சொல்லியிருந்தார். யாரும் நம்பவில்லை. சர்ச்சுக்கு வருகிறவர்களிடம் அவருக்கு ‘லண்டன் ஸ்டெல்லா’ என்றே கேலிப்பெயர்.

நானும் நம்பவில்லை. துரைசானி பாடியது என்று அவர் காட்டிய அந்த இசைத்தட்டின் லேபிளில் ஒரு பெயர், துரைசானியின் கல்லறையில் வேறு பெயர்.

“மேடைக்கு ஒரு பேரு, ஊட்டுக்கு ஒரு பேருங்க அம்மணி. அவங்களே சொன்னாங்க.”

சொன்னதெல்லாம் சான்றாகாது என்றேன்.

அவர் கிராமபோனுக்குச் சாவி கொடுத்தார். உடைந்துவிடும் என்ற பயத்தில், துரைசானி இறந்த பிறகு அந்தத் தட்டைச் சுழலவிட்டதே இல்லையாம். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

முள்ளை இறக்கினார். ஒவ்வொரு சுற்றுக்கும் விரிசலில் ‘டக்’... ‘டக்’... நடுவே ஓர் இளம்பெண்ணின் குரல். பாட்டு முடியுமுன் தட்டு இரண்டாகப் பிளந்தது.

துண்டுகளைச் சால்வைக்குள் எடுத்து வைத்தபடி, “கேட்டீங்கல்ல? இனியாச்சும் எழுதுங்க” என்றார்.

எழுதினேன். இக்கூற்றுக்குச் சான்று கிடைக்கவில்லை என்று.

எழுதிட்டீங்களா என்று பிறகு அவர் கேட்டபோது, ஆமாம் என்று மட்டும் சொன்னேன். அடுத்த ஞாயிறே சர்ச்சில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாராம், புத்தகத்திலேயே வந்துவிட்டது என்று.

போன வாரம் அந்த லேபிள் பெயரை இணையத்தில் தட்டிப் பார்த்தேன். அதே பாட்டு, விரிசல் இல்லாமல். கீழே நாலு வரி வாழ்க்கைக் குறிப்பு: திருமணத்தோடு மேடையை விட்டார், இந்தியா போனார், குன்னூரில் இறந்தார். கணவர் வழியில் வந்த பெயர், நான் கல்லறையில் படித்த அதே பெயர்.

அன்று இதைச் சரிபார்க்க லண்டனுக்குக் கடிதம் போட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும். நான் அந்தக் கடிதத்தை எழுதவே இல்லை. இன்று இரண்டு நிமிடம்...

ஸ்டெல்லாக்கா போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. அந்த ஆய்வேட்டை அவர் ஒருமுறைகூடப் பிரித்துக் காட்டச் சொன்னதில்லை. நான் சொன்னதே அவருக்குப் போதுமாக இருந்தது.