செட்டுக்காரரின் நம்பிக்கை

பல் மருத்துவமனையின் பின்னறையில் அவருக்கு வேலை. முன்னறையில் டாக்டர் பிடுங்குவார். பின்னறையில் இவர் பல்செட் கட்டுவார். மாவில் வாயின் அச்சு வார்த்து, மெழுகில் ஈறு செதுக்கி, பல் பல்லாக நட்டு, வேகவைத்து, ராவி, மெருகேற்றி அனுப்ப வேண்டும். தெருவே அவரைச் செட்டுக்காரர் என்றுதான் கூப்பிட்டது. யாராவது அவரைப் பார்த்துச் சிரித்தால் முகத்தைப் பார்க்க மாட்டார், வாயைத்தான் பார்ப்பார் என்று அவருடைய அக்கா கேலி செய்வாள். அதில் பொய்யில்லை.

மனைவிக்கும் அவர்தான் செட் செய்திருந்தார். ஈறு நோயில் அவளுக்குச் சின்ன வயதிலேயே பல்லெல்லாம் ஆடி விழுந்துவிட்டது. முன்பல் ஒன்றை வேண்டுமென்றே கொஞ்சம் சாய்த்து நட்டார். அவளுடைய சொந்தப் பல் அப்படித்தான் இருந்தது. அவளுக்கு ஓட்டைக் கை, எதையும் கீழே போட்டுவிடுவாள். அதனால் உள்ளே கம்பி வலை வைத்து, வேறு யாருக்கும் செய்யாத அளவுக்குக் கெட்டியாக வார்த்தார். அந்தப் பல்லோடு அவள் வயிறு குலுங்கச் சிரித்திருக்கிறாள்.

அந்த வயிற்றில்தான் கட்டி வந்தது. டயர் கடைக்கு மேலே மாடியில் பிரார்த்தனைக் கூடம். அதை நடத்திய பெரியவர் வீட்டுக்கே வந்து அவள் தலையில் கை வைத்தார். முழுசாக நம்ப வேண்டும், அரைகுறை வேலைக்காகாது என்றார். செட்டுக்காரர் நம்பினார். ஆனால் வலியில் அவள் துடித்ததைப் பார்க்கச் சகிக்காமல் ஒரு நாள் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். கை மீறிப் போயிற்று என்று அங்கே உதட்டைப் பிதுக்கினார்கள். அவள் செத்துப்போனாள்.

பிணத்தைக் கிடத்தியிருந்த வீட்டுக் கூடத்தில், நாலு பேர் காதில் விழும்படி பெரியவர் சொன்னார்: "அங்கேயும் ஒரு கால் இங்கேயும் ஒரு கால் வச்சுட்ட தம்பி. நீ நம்பியிருந்தா அவ இருந்திருப்பா."

அந்த வாக்கியம் செட்டுக்காரரின் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. செட்டில் ஒரு பல் முடியளவு உயரம் கூடினாலும் கண்டுபிடித்துவிடும் விரல் அவருக்கு. தன் நம்பிக்கை எந்த இடத்தில் குறைந்தது என்று மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை.

ஆஸ்பத்திரியில் அவளுடைய செட்டைக் கழற்றிப் பஞ்சில் சுற்றிக் கொடுத்திருந்தார்கள். காய்ந்தால் கோணிக்கொள்ளும் என்பதால் அதைக் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றிப் போட்டு வைத்தார். காலையில் எழுந்ததும் முதல் வேலை தண்ணீர் மாற்றுவது. சமைத்துப் போட வந்து தங்கியிருந்த அக்காவுக்கு இது பொறுக்கவில்லை.

"அவ இருந்தப்ப ஒரு டம்ளர் தண்ணி மோந்து குடுத்திருப்பியாடா நீ? இப்பப் பல்லுக்கு மாத்திக்கிட்டிருக்க" என்றாள்.

கொடுத்ததில்லை என்பது அவருக்கே தெரியும்.

விஷயம் எப்படியோ பிரார்த்தனைக் கூடத்துக்கு எட்டியது. பெரியவர் செட்டை எடுத்துவரச் சொன்னார். உன் மனசு மேலே இல்லை, டம்ளரில் கிடக்கிறது, உடைத்துவிடு, நெஞ்சில் இருக்கிற வலி போய்விடும் என்றார். செட்டுக்காரருக்கு வலி போனால் போதும் என்றிருந்தது. கீழே டயர் கடையில் சுத்தியல் வாங்கி வந்தார்கள்.

முதல் அடியில் செட் துள்ளிப் போய் முன்வரிசைப் பெண் ஒருத்தியின் காலடியில் இளித்துக்கொண்டு நின்றது. அவள் வீலென்று காலைத் தூக்க, யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு பின்வரிசை வரைக்கும் ஓடியது. இரண்டாவது அடியில் கீறல்தான் விழுந்தது. அவ்வளவு கெட்டியாக வார்த்த கைதான் ஓங்கிக்கொண்டிருந்தது. அது எங்கே அடித்தால் உடையும் என்று அங்கே அவர் ஒருவருக்குத்தான் தெரியும். செட்டைத் திருப்பிப் போட்டு, அண்ணத்தின் நடுவில், முன்பற்களுக்கு நேர் பின்னால் அடித்தார். இரண்டாகப் பிளந்தது. கூடம் கை தட்டியது. துண்டுகளை ஒருவர் துடைப்பத்தால் தள்ளி வாரினார்.

வலி போகவில்லை. போய்ச் சொன்னதற்கு, அப்படியானால் இன்னும் முழுசாக விடவில்லை என்று அர்த்தம் என்றார் பெரியவர்.

காலம் பெரியவரின் வாயிலும் கை வைத்தது. பல் போனதும் பேச்சும் குழைந்து போயிற்று. மேடையில் அவர் சாபம் என்றால் வெறும் காற்று வந்தது. சின்னப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். டாக்டர் அளவெடுத்துப் பின்னறைக்கு அனுப்பினார். செட்டுக்காரர் கட்டினார். இடது பக்கக் கடைவாய்ப் பல்லை மட்டும் வேண்டுமென்றே ஒரு பொட்டு உயர்த்தி வைத்தார்.

எதிர்பார்த்தபடியே ஈறு புண்ணாகிப் பெரியவர் திரும்பி வந்தார். முன்னறையில் கூட்டம், டாக்டர் அவரை நேரே பின்னறைக்கு அனுப்பிவிட்டார். செட்டைக் கையில் பிடித்தபடி செட்டுக்காரர் கேட்டார்.

"ராவித் தர்றேன் ஐயா. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. என் நம்பிக்கை குறைஞ்சுதான் அவ போனான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பெரியவரின் உதடுகள் உள்ளே மடிந்து கிடந்தன. பொய் சொல்லக்கூடத் தெம்பில்லாத வலி.

"தெரியாது" என்றார்.

"பின்ன?"

"உன்கிட்ட மட்டுமா சொன்னேன்? எல்லாருக்கும் அதான். பழி யார் மேலயாவது விழுந்தாகணும் தம்பி. உன் மேல போட்டா அழுதுட்டு மறுபடி வருவ. மேல இருக்கிறவர் மேல போட்டா நீயும் படி ஏற மாட்ட, நானும் ஏற முடியாது."

"பல்லை உடைக்கச் சொன்னது?"

"அது உங்க அக்கா கேட்டுக்கிட்டது. வீட்டுல பாக்கவே ஒரு மாதிரியா இருக்குன்னுச்சு."

செட்டுக்காரர் செட்டை மாட்டிவிட்டு, உயரம் காட்டும் நீலத் தாளைக் கடிக்கச் சொன்னார். கறை பட்ட இடத்தை ராவினார், மறுபடி கடிக்கச் சொன்னார். பழி வாங்க வந்த கைக்கு ஒழுங்காகச் செய்து முடிக்காமல் இருக்கத் தெரியவில்லை. பெரியவர் வாயை அசைத்துப் பார்த்து, சுகமாக இருக்கிறது என்று எழுத்து எழுத்தாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பாரம் இறங்கிவிட்டது என்றுதான் வீட்டுக்கு நடந்தார். அக்காவிடம் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டார். கை கழுவும்போதுதான் உறைத்தது. தன் மேல் தப்பில்லை என்றால் அவள் சும்மாவே செத்திருக்கிறாள். இத்தனை நாள் தன் நம்பிக்கையை நிறுத்துப் பார்த்துத் தட்டு தாழவில்லை என்று தண்டித்தவர் ஒருவர் மேலே இருந்தார். திட்டவாவது ஆள் இருந்தது. அன்று ராத்திரி பிரார்த்தனைக்குக் கண்ணை மூடி உட்கார்ந்தபோது எதிரே யாருமே இல்லை. தண்டிக்கப்பட்டவனாக இருந்ததே எவ்வளவோ தேவலை என்று பட்டது.

அடுத்த கூட்டத்துக்குப் பழக்கத்தில் கால் போயிற்று. மாடிப்படியில் தையல்காரி உட்கார்ந்திருந்தாள், அதே தெருவில் துணி தைப்பவள். அவளுடைய கைக்குழந்தை இறந்து ஈரம் காயவில்லை. மேலே பெரியவரின் குரல் ஓர் எழுத்துச் சிதறாமல் கணீரென்று கேட்டுக்கொண்டிருந்தது.

"அண்ணா" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "என் நம்பிக்கை குறைஞ்சுதான் பிள்ளை போச்சுங்கிறாரு. நீங்களும் பட்டவரு. நீங்க சொல்லுங்கண்ணா. நிஜமா?"

வழக்கம்போல அவர் அவள் வாயைப் பார்த்தார். தாடை நடுங்கிக்கொண்டிருந்தது. பின்னறையில் கேட்டது நாக்கு நுனி வரை வந்தது. அன்று ராத்திரி எதிரே யாரும் இல்லாமல் தான் உட்கார்ந்திருந்ததும் கூடவே வந்தது.

"ஆமாம்மா" என்றார். "உன் பக்கம்தான் குறை."

அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். அழுது ஓய்ந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இனிமேல் முழுசாக நம்புவேன் அண்ணா என்று சொல்லிவிட்டு எழுந்து மேலே போனாள். செட்டுக்காரரும் பின்னாலேயே ஏறிப்போய், முன்வரிசையில் அவளுக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டார்.