மூன்று போத்தல்களை நீக்கச் சொன்னவர்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஸ்காபரோவின் டோர்செட் பார்க்கில் ஒரு குடியிருப்பாளர் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது குகன் அழைத்தார். "அண்ணை, ராஜி அக்கா மோசம் போயிட்டா. விடியப்பறம், ஆஸ்பத்திரியிலை." சற்றுப் பொறுத்து, "அஞ்சலி எழுதுவியள்தானே? விஞ்ஞானி எண்டு மட்டும் போட்டிடாதையுங்கோ" என்றார். அந்த நேரத்திலும் இருவருக்கும் சிரிப்பு வந்தது. ராஜி அக்காவுக்குப் பாராட்டு விழா எடுத்த சங்கத்தின் செயலாளர் குகன். அழைப்பிதழில் 'விஞ்ஞானி' என்று அச்சிட்டதற்காக அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

மோர்னிங்சைட்டில் குடியிருந்த இராஜேஸ்வரி அக்கா, ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் கடல்நீரின் உப்பை அளக்கும் வேலையில் இருபத்தாறு ஆண்டுகள் இருந்தார். ஒவ்வொரு மார்ச் மாதமும் வடக்கே ஹட்சன் விரிகுடாவுக்குப் போவார். உறைந்த கடலில் துளையிட்டு, அடியிலுள்ள தண்ணீரைப் போத்தல்களில் எடுத்து வருவார். "நான் தண்ணி அளக்கிறவள். அதுக்கு மேலை ஒண்டும் எழுதாதையும்" என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

எங்கள் அறிமுகம் என் பிழையில் தொடங்கியது. வடக்குக் கடலின் பனிக்கட்டி முழுவதும் உப்பு என்று எங்கள் வாரப் பத்திரிகையில் ஒரு வரி எழுதிவிட்டேன். மறுநாள் தொலைபேசியில் அறிமுகமில்லாத ஒரு குரல். "தம்பி, கடல் உறையேக்கை உப்பைத் தனக்குள்ளை வைச்சிருக்காது, பெரும்பகுதியைக் கீழை தள்ளிப்போடும். வந்து பாரும்." போனேன். பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டவென்று வைத்திருந்த கடற்பனித் துண்டொன்றை உருக்கி, சிறு கோப்பையில் தந்தார். உப்புக் குறைந்த ரசம்போல இருந்தது. "இப்ப எழுதும்" என்றார்.

அவருடைய வேலைமுறையை அன்றுதான் கேட்டறிந்தேன். குளிரில் பேனை உறைந்துவிடும் என்பதால் குறிப்பேடு முழுவதும் பென்சில். துளையில் மிதக்கும் பனிக்கூழ் போத்தலுக்குள் போனால், அது உருகி, தண்ணீரின் உப்பைக் குறைத்துக் காட்டிவிடும். அதை வழித்தெடுக்க ஸ்காபரோ பாத்திரக்கடையில் வாங்கிய வடைக்கரண்டியைக் கொண்டுபோவார். ஆய்வுகூடக் கருவிப் பட்டியலிலும் அது இடம்பெற்றிருந்தது. வழித்து முடித்ததும் அந்தப் போத்தலின் எண்ணுக்கு நேரே ஒரு சரி அடையாளம் போடுவார். அதன் பிறகே தண்ணீர் எடுப்பார்.

அவர் ஓய்வு பெறுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பெரிய செய்தி வந்தது. உப்பில்லாத ஆற்றுநீர் கடல்நீரைவிடப் பாரம் குறைந்தது. குளிர்காலத்தில் அது பனிக்கட்டிக்கு அடியில் ஒரு படலமாகப் பரவும். அந்தப் படலம் எல்லோரும் நினைத்ததைவிட வெகுதூரம் போயிருக்கிறது என்று அக்காவின் போத்தல்கள் காட்டின. நான் அதை முன்பக்கத்தில் அவருடைய படத்துடன் போட்டேன். சங்கம் மண்டபம் எடுத்தது. பொன்னாடை வந்தது. ஓர் அரசியல்வாதி தலைமை தாங்க ஒப்புக்கொண்டார்.

விழாவுக்குப் பத்து நாள் இருக்கையில் குகனையும் என்னையும் அக்கா வீட்டுக்கு அழைத்தார். மேசையில் குறிப்பேடு திறந்திருந்தது. ஆகத் தொலைவான துளையில் எடுத்த மூன்று போத்தல்களுக்கு நேரே சரி அடையாளம் இல்லை.

"அண்டைக்குக் காத்து எழும்பிட்டுது. ஹெலிகொப்ரர்காரன் வா வா எண்டு கத்துறான். வழிச்சனோ இல்லையோ, எனக்கு ஞாபகமில்லை" என்றார்.

"வழிச்சிருப்பியள் அக்கா. நீங்கள் வழிக்காமல் விடுவியளோ?" என்றார் குகன்.

"விட்டிருக்கலாம். அந்த மூண்டும் போனால் உந்த 'வெகுதூரம்' எண்ட கதையும் போகும்."

"விழா முடியட்டும் அக்கா. உந்தக் கொப்பியை ஆர் பாக்கப் போகினம்? ஆருக்குத் தெரியும்?"

"இப்ப உமக்குத் தெரியும்" என்றார் அக்கா. குகன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

ஆய்வுகூடத்தை நடத்திய பேராசிரியருக்கு அன்று காலையே சொல்லிவிட்டாராம். "ஒரு கிழமைக்குக் கதைக்கமாட்டார். பரவாயில்லை." பிறகு என் பக்கம் திரும்பினார். உள்பக்கத்தில் சிறு திருத்தம் போடுகிறேன் என்று சொன்னேன். "படத்தோடை முன்பக்கத்திலை ஏத்தினனீர். இறக்கிறதும் அங்கைதான்" என்றார்.

அப்படியே போட்டோம். அரசியல்வாதிக்கு அந்தச் சனிக்கிழமை வேறு அலுவல் வந்துவிட்டது. மண்டபத்தில் பாதி நாற்காலிகள் வெறுமை. அக்கா ஒலிவாங்கியைப் பிடித்து, எந்த மூன்று போத்தல்கள், ஏன் நீக்கப்பட்டன என்று ஐந்து நிமிடம் விளக்கினார். முன்வரிசையில் இருந்த ஒருவர், "பாராட்டக் கூப்பிட்டால் குற்றத்தை ஒப்புக்கொள்ளுறா" என்று முணுமுணுத்தார். அக்காவுக்கு அது கேட்டது. "ஓம் அண்ணை, அதுக்கும் மேடை வேணுமே" என்றார். அன்று கேட்ட கைதட்டலை நிறைந்த மண்டபங்களில்கூட நான் கேட்டதில்லை.

அடுத்த மார்ச்சில், முழங்கால் வலியோடு, அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டு மறுபடி வடக்கே போனார். அதே இடம், புதுத் துளை. திரும்பி வந்து அளந்த அன்றே தொலைபேசியில் அழைத்தார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "தம்பி, நல்ல உப்பு. ஆற்றுத்தண்ணி அவ்வளவு தூரம் போகேல்லை. போன வருசத்துக் கணக்குப் பிழைபோலைதான் கிடக்கு."

"இது திருத்தத்துக்குத் திருத்தமா அக்கா?"

"விசர்க்கதை கதையாதையும். திருத்தம் சரியெண்டு போடும்."

அதையும் போட்டோம்.

வியாழக்கிழமை அஞ்சலிக்கு அந்தப் பேராசிரியர் ஒஷாவாவிலிருந்து வந்திருந்தார். இப்போது அவர் முதியவர். அக்கா அளந்த இருபத்தாறு ஆண்டு எண்களையும் இன்று பல நாட்டு ஆய்வாளர்கள் எடுத்தாளுகிறார்கள் என்று சொன்னார். அவற்றில் மூன்று வரிகள் மட்டும் கோடிட்டு வெட்டப்பட்டு, பக்கத்தில் அக்காவின் முதலெழுத்துகள் இருக்கின்றன. "அந்த மூன்றைப் பார்த்த பிறகு மற்றவற்றை யாரும் சந்தேகிப்பதில்லை" என்றார். நம்மில் ஒருவர் தன் பெயரை விட்டுச்சென்றிருக்கும் இடம் அது. எனக்கு அதைவிடப் பெருமையான இடம் தெரியவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு பழக்கம். எதை அச்சுக்கு அனுப்பும் முன்பும், இதில் நான் நேரில் காணாதது எது என்று தேடுகிறேன். இந்தக் கட்டுரையிலும் தேடினேன். அந்தக் கடலை நான் கண்டதில்லை. அங்கே நடந்ததாக எழுதியதெல்லாம் அவர் சொன்னது. அவருடன் பனியில் நின்றவர்கள் யாராவது இதை வாசித்து, ஒரு வரி பிழையென்று கண்டால் எனக்குச் சொல்லுங்கள். மறுவாரமே இதே பக்கத்தில் திருத்துவேன்.