விஜயதசமியன்று எழுந்திருக்காத கம்ப்யூட்டர்

எண்பதுகளில் ரெட்டியார்பாளையத்து மரக்கடை ஒன்றில் கம்ப்யூட்டர் ஓட்டிக்கொண்டிருந்தேன். விஜயதசமியன்று முதலாளி நல்ல நேரம் பார்த்து, "ஆரம்பி தம்பி" என்றார். மெஷினைக் கிளப்பும் சிஸ்டம் ஃபிளாப்பியைப் போட்டேன். கொர்ரென்று முனகி நின்றுவிட்டது.

"நல்ல நாள்லயே மக்கர் பண்ணுதா? திருப்பி அனுப்பிடுறேன்!"

அது போனால் நானும் வீட்டுக்குத்தான். வியர்க்க வியர்க்க ஒயரையெல்லாம் பிடுங்கிச் சொருகினேன். பலனில்லை.

டைப்பிஸ்ட் மேரி ஃபிளாப்பியை உருவிப் பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தார்: "ஏங்க, உள்தட்டு தெரியிற எடத்துலயா சந்தனம் வப்பாங்க?"

முந்தின நாள் ஆயுதபூஜையில் பக்தி முற்றி வைத்தது நானேதான்.

மேரி ஸ்பிரிட் பஞ்சால் மெஷினுக்குள் துடைத்து, நகல் ஃபிளாப்பியைப் போட்டார். திரை பளிச்சென்று எழுந்தது.

"என்னம்மா கோளாறு?"

"தூசிங்க மொதலாளி. இவருதான் கண்டுபுடிச்சாரு."

முதலாளி என் முதுகில் தட்டினார். நான் மேரியைப் பார்க்காமல் கீபோர்டைப் பார்த்தேன்.

இன்றும் எந்த மெஷின் நின்றாலும் முதலில் என்னைத்தான் சந்தேகப்படுகிறேன். பெரும்பாலும் குற்றவாளி அங்கேயே அகப்பட்டுவிடுகிறான்.