தொட்டிலுக்கு மேல் ஒரு கண்

அந்த வட்டாரத்தில் எந்த அடுக்குமாடிக் கட்டிடத்தில் லிஃப்ட் நின்றுபோனாலும் கூப்பிடுவது ஒரே ஆளைத்தான். காவலாளிகள் அவளை லிஃப்டக்கா என்பார்கள். முப்பத்தைந்து வயது, கையில் எப்போதும் கிரீஸ் வாசனை, நாக்கில் எப்போதும் ஒரு பதில். வாயை மூடிக்கொண்டு பொறுத்துப்போகிற ரகம் இல்லை. பழைய கம்பி வடத்துக்குப் பெயிண்ட் அடித்துவிட்டு, "புதுசுதாங்க, தைரியமா ஓட்டலாம்" என்று சொன்ன ஒப்பந்தக்காரரைப் பத்தாவது மாடிக்குப் படியேற்றிக் கூட்டிப்போய், "அப்போ நீங்களே முதல்ல இதுல இறங்குங்க" என்றவள் அவள். மனுஷர் வந்தவழியே படியில் இறங்கிப் போனார்.

கணவர் பேக்கரி வைத்திருந்தார். கீழே கடை, மேலே வீடு, நடுவில் இருபத்து நான்கு படிகள். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. லிஃப்டக்கா ஆறு மாதம் விடுப்பு எடுத்தாள். ஆனால் குழந்தைக்கு நான்கு மாதம் ஆனபோது கடையில் கல்லாவில் இருந்த பெண் வேலையை விட்டுவிட்டாள். மத்தியானம் மூன்றிலிருந்து ஆறு வரை கூட்டம் மொய்க்கும். குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு அவள் கீழே வந்து கல்லாவில் நிற்பது என்று ஆயிற்று.

மாவு பிசையும் மெஷின் ஓடினால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. மேலே பிள்ளை அழுவது எப்படிக் கேட்கும்? ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படியேறிப் பார்த்துவிட்டு இறங்குவாள். முட்டி கழன்றுபோகும் போலிருந்தது. ஒருநாள் எதிர்வீட்டுப் பெண்மணி தெருவைக் கடந்து கடைக்குள் வந்து, "உங்க பிள்ளை ரொம்ப நேரமா கத்துதுங்க, எங்க வீடு வரைக்கும் கேக்குது" என்றார். கூட்டத்துக்கு முன்னால். மேலே ஓடிப்போய்ப் பார்த்தால் குழந்தை அழுது அழுது முகம் சிவந்து, தொண்டை கட்டிப்போய்க் கிடந்தது.

"ஒரு பேபி மானிட்டர் வாங்கிடலாம். கேமரா வெச்சதா வாங்குனா போன்லயே பாத்துக்கலாம்" என்றார் பேக்கரிக்காரர்.

"சத்தம் மட்டும் கேக்கற மாதிரி வாங்கலாம். கேமரா வேணாம்."

"அதுல என்ன இருக்கு? தூங்கற பிள்ளையைத்தானே காட்டும்?"

அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். லிஃப்ட் கேமராக்களின் படம் ஓடுகிற காவலாளி அறைகளில் பன்னிரண்டு வருடமாக உட்கார்ந்து டீ குடித்தவள். உள்ளே தனியாகத்தான் இருக்கிறோம் என்று நினைத்து மூக்கை நோண்டுகிறவரை, கண்ணாடியில் பல்லைப் பார்க்கிறவரை, கண்ணைத் துடைத்துக்கொள்கிறவரை எல்லாம் திரையில் பார்த்துக் கைதட்டிச் சிரிப்பார்கள். கெட்ட மனிதர்கள் என்று ஒருவரையும் சொல்ல முடியாது. பார்க்கக் கிடைத்தால் மனுஷன் பார்ப்பான், அவ்வளவுதான். அதைச் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். பேச்சு அன்றைக்கு அப்படியே நின்றது.

அந்த வாரக் கடைசியில் நாத்தனார் ஒரு பெட்டியோடு வந்து நின்றார். பேக்கரிக்காரருக்கு எட்டு வயது மூத்த அக்கா, லிஃப்டக்காவுக்கு அண்ணி. பரிசோதனைக்கூடத்தில் ரத்த மாதிரிகளைப் பார்த்து அறிக்கை எழுதுகிற வேலை. வீட்டில் அவருக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். வந்த வேகத்தில் நாற்காலி போட்டு ஏறி, தொட்டிலுக்கு நேர்மேலே கேமராவைப் பொருத்திவிட்டார்.

"தம்பி சொன்னான், நீ படியேறிப் படியேறிச் சாகறேன்னு. இனிமே நிம்மதியா இரும்மா."

ஆசையாக வாங்கி வந்தவரிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? முட்டிவலியும் சும்மா இருக்கவில்லை. லிஃப்டக்கா வாயை மூடிக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் அது அபூர்வம். அதற்குத் தகுந்த பலனும் கிடைத்தது.

ஆனால் ஒன்றை மறுக்க முடியாது, அந்தக் கருவி உதவத்தான் செய்தது. கல்லாவில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, பிள்ளை புரண்டால் மேலே போவாள். இரண்டு வாரம் நன்றாகவே போனது. அப்புறம்தான் அண்ணியின் போன் வரத் தொடங்கியது. "பிள்ளையை எப்பவும் ஒரே பக்கமா சாய்க்காதே, தலை சப்பையாயிடும்." "நேத்து மத்தியானம் ஜன்னலைத் திறந்தே போட்டுட்டியே." கணவர்தான் ஒன்றுவிடாமல் ஒப்பிக்கிறார் போல என்று நினைத்து அவரிடம் எரிந்து விழுந்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு மாவை உருட்டினார்.

ஒருநாள் காலை பத்து மணி இருக்கும். தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். மேலே இருந்து ஒரு குரல் கேட்டது.

"ஏம்மா, தலையை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடி. மூக்கு அமுங்குது பாரு."

பிள்ளையை நழுவ விடாமல் இருந்ததே பெரிய காரியம். சேலையை இழுத்து மூடிக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். கேமராவில் சின்னதாக ஒரு பச்சை விளக்கு. அதன் வழியாகப் பேசவும் முடியும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அதைப் பொருத்தியபோது முதல் ஆளாகப் பதிவானது அண்ணியின் போன்தான் என்பதையும் யாரும் சொல்லவில்லை.

வயரை ஒரே இழுப்பில் பிடுங்கிவிட்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினாள்.

"உங்க அக்கா என் ரூமுக்குள்ள எத்தனை நாளா இருக்காங்க?"

பேக்கரிக்காரர் மெஷினை நிறுத்தினார். முகத்தில் ஈயாடவில்லை. "அக்கா தப்பா ஒண்ணும் நினைக்கல... உன்னை நினைச்சுப் பயந்துட்டாங்க" என்று இழுத்தவர், போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினார். ஒரு வாரத்துக்கு முன் அக்கா அனுப்பியது.

அதில் அவள் இருந்தாள். உயரத்திலிருந்து பார்க்கிறபோது தெரிவதுபோல வெறும் உச்சந்தலையும் தோளும். தரையில் உட்கார்ந்து, தொட்டில் காலில் நெற்றியை முட்டி, பிள்ளை எழுந்துவிடக் கூடாதென்று வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். கீழே அண்ணி எழுதியிருந்தார்: "இவளை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. நான் சொன்னதாச் சொல்லாதே."

"ஒரு வாரமா இதை வெச்சுக்கிட்டு எங்கூட உக்காந்து சாப்பிட்டிருக்கீங்க."

"எப்படிக் கேக்கறதுன்னு தெரியல."

"ஏன் அழறேன்னு கேக்கணும். மூணு வார்த்தை வேணாம், ரெண்டு வார்த்தை. அதுக்குக்கூடவா வாய் வரல? நீங்க எனக்குப் புருஷனா, அவங்களுக்குத் தம்பியா?"

"ரெண்டும்தானே..."

"நான் அழற நேரத்துல எதுன்னு கேக்கறேன்."

வாசலில் ரொட்டி வாங்க வந்தவர் ஒருவர், வந்த சுவடு தெரியாமல் திரும்பிப் போனார்.

லிஃப்டக்கா கேமராவைக் கழற்றி ரொட்டிப் பையில் போட்டாள். பிள்ளையை அவர் கையில் கொடுத்தாள். "பால் குடிச்சாச்சு. ஏப்பம் வரலை. தட்டுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள். பரிசோதனைக்கூடம் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. அண்ணி வெள்ளைக் கோட்டோடு வெளியே வந்தார். வரிசையாக நாற்காலிகளில் கையில் பஞ்சை அமுக்கிக்கொண்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"அண்ணி, இதை உங்க படுக்கையறையில மாட்டித் தரேன். எங்க மாட்டணும்னு சொல்லுங்க. நான் கல்லாவுல இருந்து பாத்துக்கறேன்."

"மெதுவாப் பேசும்மா."

"மெதுவாப் பேசறதுக்கு ரூம் ஒண்ணு இருந்துச்சு. அதுலதான் நீங்க குடியிருந்தீங்களே."

அண்ணியின் முகம் கறுத்தது. "நான் என்ன திருடவா வந்தேன்? பிள்ளையைப் பாக்கத்தான் போனைத் திறந்தேன். நீ அப்படி அழுதுட்டிருந்தே. ஈரக்குலையே நடுங்கிப்போச்சு எனக்கு. நல்லதுக்குத்தான்மா செஞ்சேன்."

"நல்லதுன்னா நடந்து வந்திருக்கலாமே. இங்கிருந்து எங்க வீடு என்ன கண்காணாத தேசமா? அழற ஆளைப் படம் பிடிச்சு ஊருக்கு அனுப்பறது எந்த ஊரு நல்லது?"

"தம்பிக்கு மட்டும்தான் அனுப்பினேன்."

"எனக்கு அனுப்பலையே அண்ணி. நான்தானே அழுதேன்."

பஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். அண்ணி பையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மறுபடி அதே கேள்வி: இருபத்து நான்கு படிகள், மாவு மெஷின், காது கேட்காத கடை. வேறு யாரும் உள்ளே நுழையாதபடி கடவுச்சொல் போட்டுப் புதிதாக ஒன்று வாங்கலாம் என்றார் பேக்கரிக்காரர். லிஃப்டக்கா யோசித்தாள். சாவி தன்னிடம் இருந்தாலும், தலைக்கு மேலே ஒரு கண் இருக்கிறது என்ற நினைப்பிலேயே பிள்ளையைக் கொஞ்ச அவளால் இனி முடியாது. அவள் வேலை பார்க்கிற கம்பெனியின் கூடத்தில் பழைய லிஃப்ட்களிலிருந்து கழற்றிய, உள்ளே மாட்டிக்கொண்டவர் வெளியே பேசுவதற்கான இன்டர்காம் கருவிகள் கிடந்தன. ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து, தொட்டில் பக்கத்திலிருந்து படிக்கட்டுச் சுவரோரமாக வயர் இழுத்து, கல்லாவுக்கு மேலே ஒலிபெருக்கி வைத்தாள். வயரில்தான் சத்தம் போகும். வெளியாள் யாரும் நுழைய வழியில்லை. ரொட்டி வாங்க வருகிறவர்கள் எல்லாரும் பிள்ளையின் விக்கலைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். மெஷின் ஓடும்போது மட்டும் அதுவும் கேட்கவில்லை. அதனால் மூன்றிலிருந்து ஆறு வரை மாவு பிசைவதில்லை என்று முடிவானது. பேக்கரிக்காரர் விடியலில் ஒரு மணி நேரம் முன்னால் எழுந்தார். முணுமுணுக்காமல்தான் எழுந்தார், முணுமுணுக்கிற நிலையில் அவர் இல்லை.

அழுகை நிற்கவில்லை. அதுதான் உண்மை. பத்து நாள் கழித்து, யாரும் சொல்லாமல், அவளே பேருந்து ஏறி டாக்டரிடம் போனாள். பிள்ளை பெற்ற நிறையப் பேருக்கு இப்படி வரும், மருந்து இருக்கிறது, பேசினாலும் சரியாகும் என்றார் டாக்டர். எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டே வந்தவர், "இதை முதல்ல கவனிச்சது யாரு?" என்று கேட்டார்.

லிஃப்டக்கா பல்லைக் கடித்தாள். நான்தான் என்று சொல்லிவிடலாம். புருஷன் என்று சொன்னாலும் டாக்டர் எழுதிக்கொள்வார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத நாக்கு.

"எங்க நாத்தனார்" என்றாள். "ஆனா கவனிச்ச விதம் சரியில்லை. அதையும் எழுதிக்குங்க."

டாக்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

பிள்ளை இப்போது ஓடித் திரிகிறது. அண்ணி வருவார், பிள்ளையைத் தூக்குவார், இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் ஒன்றும் நடக்காத குடும்பம் போல இருக்கும். லிஃப்டக்காவிடம் தனியாகக் கேட்டால் மட்டும் குரல் உயரும்: "அவங்க பார்த்தது தப்பு. பார்த்துட்டு டாக்டர்கிட்ட போகணும்னு சொன்னது சரியாப் போச்சு. அந்த ரெண்டாவதைத்தான் என்னால மன்னிக்கவே முடியல."