நாற்பது மில்லி

“...இல்லன்னு நான் சொல்லல மச்சான். நாப்பது போட்டா மெஷினுக்கு நல்லது, இருவது போட்டா எனக்கு நல்லது. யாருக்கு ஊத்தட்டும், நீங்களே சொல்லுங்க” என்றார் எங்கள் மாப்பிள்ளை. மாப்பிள்ளை என்றால் என் தங்கை வீட்டுக்காரர். கீரப்பாளையத்தில் ஒரு வாய்க்கால் கரையில் குந்தியிருந்தார். எதிரே பெட்ரோல் கேன், கையில் நான் கடலூரிலிருந்து கொண்டுபோன அளவுக் குவளை. அரை மணி நேரமாக நான் பேசியதை எல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, கடைசியில்தான் இதைக் கேட்டார்.

பேச்சு எனக்குத் தொழில். புல் வெட்டும் மெஷினும் மரம் அறுக்கும் மெஷினும் விற்கிற கடையில் கவுண்ட்டரில் நிற்கிறேன். பெரிய படிப்பு கிடையாது. எண்ணெய் டின்களின் முதுகில் இருப்பதைப் படித்தும், வருகிறவர்கள் வாயைக் கேட்டும் கற்றுக்கொண்டதுதான். இந்தச் சின்ன என்ஜின்களில் எண்ணெய்க்கென்று தனி இடம் இல்லை. பெட்ரோலில் கலந்துதான் உள்ளே போக வேண்டும். குறைந்தால் பிஸ்டன் வறண்டு உரசி ஒட்டிக்கொள்ளும். கூடினால் புகை, பிளக்கில் கரி. மொபெட்டுக்கு பங்க்கில் அடிக்கிற எண்ணெய் வேறு, இதற்கான எண்ணெய் வேறு; வண்டியிலிருந்து இறக்கிய கறுப்பு எண்ணெயைக் கிட்டவே கொண்டுவரக் கூடாது. இதையெல்லாம் ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்காவது சொல்வேன். “எண்ணெய்ச் செலவே ஒழிய பிள்ளை பிழைச்ச பாடில்ல” என்று ஒரு பழமொழியையும் சேர்த்தால் வந்தவர் சிரித்துக்கொண்டே டின்னை வாங்கிப் போவார்.

மாப்பிள்ளைக்கு வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் புல் வெட்டுவதுதான் பிழைப்பு. நடவுக்கு முன்னால் சிதம்பரம் வரைக்கும் கூப்பிடுவார்கள். அவருடைய முதல் மெஷினை ஒரு நாள் மொபெட்டில் கட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். ஸ்டார்ட் கயிற்றை இழுத்தால் அசையவில்லை. கழற்றிப் பார்த்தேன், பிஸ்டன் முழுக்க நகத்தால் பிறாண்டியது போலக் கோடு. லிட்டருக்கு எவ்வளவு கலந்தீர்கள் என்று கேட்டேன். இருபது மில்லி என்றார். மொபெட்டுக்குப் போட்டுப் போட்டு எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கையே இருபதுக்குப் பழகியிருக்கும். இவரும் அந்தக் கணக்கில்தான் போட்டுவிட்டார் என்று நினைத்து, கடை நிறைய ஆட்கள் இருக்க, என் பாடத்தை ஆரம்பித்தேன். முந்திரிக் கிளை கழிக்க ரம்பத்துக்குச் சங்கிலி வாங்க வந்திருந்த காடாம்புலியூர்க்காரர் ஒருவர், “மெஷினு வாயில்லாத மாடு சார். தீனி தப்புனா சொல்லாது, படுத்துக்கும்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, வெளியே போய் நின்று மூச்சு வாங்கிவிட்டு வந்தார். அந்த வாக்கியம் எனக்குப் பிடித்துப்போய், பிற்பாடு எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். இருமலை மறந்துவிட்டேன்.

தங்கை கறவை மாட்டை விற்று இரண்டாவது மெஷின் வாங்கினாள். இதுவும் போனால் மூன்றாவதற்கு வழியில்லை என்று போனில் அழுதாள். அதனால்தான் குவளையும் நல்ல எண்ணெய் டின்னும் எடுத்துக்கொண்டு நானே பஸ் ஏறினேன்.

அந்தக் கரையில்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. லிட்டருக்கு நாற்பது என்பது அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். டேங்க் மூடி மேலேயே போட்டிருக்கிறது. என்னளவுக்குப் படிக்கத் தெரிந்தவர்தானே அவரும். சின்ன வயதிலிருந்தே அவருக்கு வீசிங். மெஷினைத் தோளில் மாட்டினால் என்ஜின் இடுப்புக்குப் பின்னால் நிற்கும். மேட்டில் வெட்டினால் காற்று புகையைக் கொண்டுபோய்விடும். வாய்க்காலுக்குள் இறங்கினால் புகை போக இடமில்லாமல் அவரோடேயே நிற்கும். நாற்பது போட்ட காலையில் நாலு தடவை உட்கார வேண்டியிருந்தது என்றார். இருபது போட்டபோது ஒரே மூச்சில் ஒரு கரை முடிந்தது. கஷ்டத்தை ஆளுக்குப் பாதியாக மெஷினும் தானும் பிரித்துக்கொள்ளலாம் என்று பார்த்திருக்கிறார். மெஷின் ஒத்துக்கொள்ளவில்லை.

எண்ணெய் கலக்கத் தேவையில்லாத நாலு ஸ்ட்ரோக் மெஷின், முதல் மெஷின் போன அன்றைக்கே எங்கள் கடையில் இருந்தது. புகை அவ்வளவு வராது. விலை ஜாஸ்தி, கனமும் ஜாஸ்தி என்று, மாட்டை விற்பதற்கு முன்னால் அதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. விற்ற பிறகு திறந்து என்ன பயன்? வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். என் வாய்க்குக் கீரப்பாளையம் போகத் தெரியவில்லை.

நான் கொண்டுபோன டின் புகை குறைவாக வருகிற சாதி. குறையத்தான் செய்தது, நிற்கவில்லை. இரண்டு வருஷம் வெட்டினார். இப்போது வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருக்கிறார். சட்டைப் பையில் மூச்சுக்கு அடிக்கிற பம்ப். மாதம் ஒரு முறை தங்கை சிதம்பரத்துக்குக் கூட்டிப்போகிறாள். பஸ் படி ஏறியதும் இரண்டு நிமிஷம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால்தான் அவரால் சீட்டுக்கு நடக்க முடிகிறது. இனிமேல் சரியாகும் என்று டாக்டரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்பதை விட்டுவிட்டோம். மெஷினை அதே ஊரில் ஒருவர் வாங்கிக்கொண்டார். போன மாதம் பிளக் மாற்றக் கொண்டுவந்தார். சைலன்சரைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தேன். பிஸ்டனில் ஒரு கோடு இல்லை. “உங்க மாப்ள நல்லா வச்சிருந்தாருங்க” என்றார் அவர். பத்துப் பழமொழி சொல்கிற இடத்தில் நின்றுகொண்டு, பிளக்கை மட்டும் மாட்டிக் கொடுத்தேன்.

அன்றைக்குக் கரையில் யாருக்கு ஊற்றட்டும் என்று அவர் கேட்டபோது நான் யோசிக்கக்கூட இல்லை. கவுண்ட்டரில் பழகிய வாய். “நாப்பதே போடுங்க மாப்ள. மெஷின் போச்சுன்னா சோறு போச்சு” என்றேன். அவர் தலையாட்டினார். குவளையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக் கோடு வரைக்கும் எண்ணெய் விட்டு, கேனில் கவிழ்த்து, கடைசிச் சொட்டு வடியும் வரைக்கும் பிடித்திருந்தார். மூடி, குலுக்கி, டேங்க்கில் ஊற்றினார். தலைத்துண்டை வாய்க்காலில் நனைத்து மூக்கைச் சேர்த்துக் கட்டிக்கொண்டார். பிறகு கொஞ்சம் புல்லைக் கிள்ளி உயரத் தூவிவிட்டு, அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தார். என் முழங்கையைப் பிடித்துக் காற்று வருகிற பக்கத்துக்கு நடத்திக் கூட்டிப்போனார். “இங்க நில்லுங்க மச்சான், சட்டையெல்லாம் நாறிப்பூடும்” என்று சொல்லிவிட்டு, மெஷினைத் தோளில் மாட்டி வாய்க்காலுக்குள் இறங்கிக் கயிற்றை இழுத்தார்.