பூனைக்காலி வேலி

பூனைக்காலியை வேண்டுமென்று யாரும் நட்டு வளர்க்க மாட்டார்கள். காட்டில் கண்டாலே விலகிப் போகிற கொடி அது. காயின் மேலிருக்கும் பொடிமயிர்ச் சுணை உடம்பில் பட்டால் சொறிந்தே பைத்தியம் பிடிக்கும். அதை என் வாப்பா நட்டார், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டுப் பின்வேலியில். நான் பெரியபிள்ளையானதுதான் காரணம்.

அந்தக் காலத்தில் எங்களில் பெரியபிள்ளையானவள் பள்ளிக்கூடம் போவதில்லை, கல்யாணம் முடியும்வரை வாசல் தாண்டுவதுமில்லை. எனக்கோ வாசிப்பென்றால் உயிர். அழுதும் பார்த்தேன், பட்டினி கிடந்தும் பார்த்தேன். வாப்பா அசையவில்லை. ஆற்றங்கரையில் விதை பொறுக்கி வந்து, ஊறவைத்து, சாம்பலும் எருவும் போட்டு ஊன்றினார்.

“இதத் தாண்டி ஒருத்தனும் எட்டிப் பாக்க ஏலா. நீதான் தண்ணி ஊத்தணும், மகள்,” என்றார்.

என் சிறைக்கு நானே தண்ணீர் ஊற்றினேன். எரிச்சலில் ஊற்றாமல் விட்டும் பார்த்தேன். காட்டுக்கொடிக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? மழையைக் குடித்துத் தளதளவென்று ஏறியது. கொழுந்துகளைத் தும்புக்கயிற்றில் ஏற்றிவிடுவதும் என் வேலைதான். வலமும் இடமுமாகத் திருப்பிக் கட்டி, அடியில் ஒரு முகம் கொள்ளுமளவு இடம் விட்டேன்.

வகுப்பில் என் பக்கத்தில் இருந்தவள் வேலிக்குப் பின்னாலிருந்த ஒழுங்கைப் பாதையால்தான் வீடு திரும்புவாள். தேயிலைத் தோட்டத்திலிருந்து டவுன் வேலைக்கு வந்த குடும்பம் அவளுடையது. அந்த இடைவெளியில் குந்தியிருந்து அன்றைய பாடத்தைச் சொல்லித் தருவாள். நான் புத்தகத்தை வாங்கி ஒரு பக்கம் வாசிப்பேன். ஊதாப்பூக்கள் காயானதும் சுணைக்குப் பயந்து வீட்டில் ஒருவரும் அந்தப் பக்கம் வரவில்லை. நாங்கள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, சொறிந்துகொண்டே படித்தோம். அவ்வளவு சந்தோஷமாக நான் பிறகு எதையும் படித்ததில்லை.

காய்கள் முற்றிக் காய்ந்த நேரம் பெருங்காற்று அடித்தது. முற்றத்தில் உலர்ந்த வாப்பாவின் சட்டையெல்லாம் சுணை. ஜும்ஆவுக்கு அதைப் போட்டுக்கொண்டு போனவர் தொழுகை வரிசையில் நெளிந்த நெளிப்பு ஊருக்கே தெரிந்துவிட்டது. வேலியே பயிரை மேய்ந்த கதை என்று உம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன்.

வாப்பா சிரிக்கவில்லை. கொடியை வெட்டி எரிக்கச் சொல்லிவிட்டு, அந்த இடத்தில் ஆளுயரத்துக்கு மேலே கல்மதில் எழுப்பினார். கல்லை வலமும் இடமும் திருப்பிக் கட்ட எனக்குத் தெரியாது.

மதில் முடிந்த மறுநாள், உம்மா முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது, அப்பாலிருந்து அவள் குரல் கேட்டது.

“இருக்கியா? நான் சத்தமாப் படிக்கிறேன், நீ கேளு.”

உம்மா சுளகை நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் ஒரு சொல் பேசினால் அது வாப்பாவின் காதுக்குப் போகும், பிறகு முற்றமும் எனக்கில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு நின்றேன். அவள் பாடம் முழுவதையும் நிதானமாகப் படித்து முடித்தாள்.

“வெளங்குச்சா?” என்றாள்.

கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு காலடிச் சத்தம் ஒழுங்கையில் இறங்கிப் போயிற்று. எனக்கு எல்லாம் விளங்கியிருந்தது. அதைச் சொல்லத்தான் வழியில்லை.